விலகல் படிவம்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்
ஜன்னலில் தரவேண்டும்.
வகுப்பு ஆலோசகர் கையெழுத்து,
துறைத்தலைவர் கையெழுத்து,
பிறகு காரணம்.
காரணத்துக்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்.
இரண்டாவது வரியின் பாதியை
ஜெராக்ஸ் எந்திரம் கறுப்பாக்கியிருந்தது.

நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறை
ஒரு தாளிலிருந்து விலகலாம்.
பட்டியலில் டபிள்யூ என்று வரும்.
தோற்றதாக ஆகாது,
எழுதியதாகவும் ஆகாது.
அந்தப் பருவம் அந்தப் பாடம்
என்னைப் பார்த்ததே இல்லை என்று ஆகும்.

எழுதித் தோற்றால் ஆர்.ஏ.
மறுபடி வா என்று பொருள்,
கிளம்பும் விருந்தாளியிடம் சொல்வதுபோல.
வருகைக்குக் கட்டணம் முன்னூறு.

தேர்வுப் பிரிவில் முனிரத்தினம் சார்
கம்பிக்குப் பின்னாலிருந்து
படிவத்தை என் பக்கமே தள்ளினார்.
"இப்பவே செலவு பண்ணிட்டா
ஏழாவது செமஸ்டர்ல என்ன பண்ணுவ?"

ஏழாவது செமஸ்டரில் என்ன வரும்,
யாருக்குத் தெரியும்.
டெங்கு வரலாம்.
வீட்டில் யாராவது சாகலாம்.
இருக்கிற ஒரே டபிள்யூவை
எந்தச் சாவுக்கென்று எடுத்துவைப்பது?

பாக்கியவதி போன வருடமே தீர்த்துவிட்டாள்,
ஹாஸ்டலில் அம்மை போட்ட வாரத்தில்.
இனி அவளுக்கு எது வந்தாலும்
எழுதித்தான் ஆகவேண்டும்.
கெம்பராஜுக்கு ஒன்பது அரியர்.
ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து
நேராகத் தேர்வறை வாசலுக்கு வருவான்,
ஜூனியர்களிடம் பேனா கேட்பான்.
ஒரு முறையும் விலகியதில்லை.
"கொஸ்டின் பேப்பரையாவது பாப்பேன்ல" என்பான்.

அந்த வாரம் பாலக்கோட்டு மண்டியில்
தக்காளி கிலோ மூன்று ரூபாய்.
பறிக்கிற கூலி அதற்கும் மேலே.
அப்பா பறிக்கவில்லை.
படல் திறந்து
பக்கத்துக் கொல்லைக்காரர் ஆடுகளை
உள்ளே ஓட்டச் சொன்னார்.
அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.
சொசைட்டிக் கடனில்
டபிள்யூ என்று எதுவும் விழவில்லை.
அந்தப் பருவம் அவரை
நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

காரணம் என்ற இடத்தில்
முதலில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன்.
எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.
அடித்தேன்.
'மூன்றாவது யூனிட் புரியவில்லை.
நான்காவதை இன்னும் திறக்கவில்லை' என்றேன்.
'திறக்கவில்லை' கறைமேல் விழுந்து
காணாமல் போயிற்று.

துறைத்தலைவர் சேலத்தில்
விடைத்தாள் திருத்தப் போயிருந்தார்.
அவர் அறைக் கதவின் கைப்பிடியில்
காலைப் பேப்பர் அப்படியே செருகியிருந்தது.
மூன்று ஐம்பதுக்குத்
திரும்பவும் போய்ப் பார்த்தேன்.
பேப்பர்தான் இருந்தது.
நாலு மணிக்கு முனிரத்தினம் சார்
ஜன்னல் பலகையை இறக்கினார்,
வழக்கமான 'டப்' இல்லாமல், மெதுவாக.
அது எனக்காக என்று வைத்துக்கொண்டேன்.

எழுதினேன்.
நாற்பத்தொன்று.
நான்கு போதாமல் போனது.
நவம்பரில் முன்னூறு கட்டி மறுபடி எழுதினேன்,
இராப்பகலாகப் படித்து.
முப்பத்தெட்டு.

ஏப்ரலில் கெம்பராஜ்
என்னிடம் பேனா கேட்டான்.
இரண்டு கொண்டுபோயிருந்தேன்.

மூன்றாவது முறையாக
அதே இரண்டு மதிப்பெண் கேள்வி
தாளின் தலையில் உட்கார்ந்திருந்தது:
எது சிக்னல், எது இரைச்சல், வரையறு.
நெடுஞ்சாலையில்
தொப்பூர் இறக்கத்துக்குப் போகும் லாரிகள்
ஒன்றன்பின் ஒன்றாகக் கியர் மாற்றின.
நல்லம்பள்ளிக்குப் போகும் மினி பஸ்காரன்
யாருக்கோ ஹாரன் அடித்தான்,
விடாமல், இன்னும் இன்னும்.
யாரோ ஓடி வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.
எழுதத் தொடங்கினேன்.

படிவம் வெகுநாள் பையில் கிடந்தது,
கையெழுத்தில்லாமல், கறையோடு.
நேற்று வீட்டில் டி.வி. மேல் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமையாக இருந்ததால்
அப்பா பென்சிலில் கணக்குப் போட்டிருக்கிறார்:
நாற்று இத்தனை, குச்சி இத்தனை,
மருந்து, சணல், ஆள் கூலி.
மேலே கோடிட்டு எழுதியிருக்கிறார்,
தக்காளி.